விருந்தாளி அறையின் சுவிட்ச்

மாடி வீடே இல்லாத ஓர் இடத்தில் ஒருவருக்கு 'லிஃப்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது என்றால், அவர் வந்து இறங்கிய அன்றே வாயைத் திறந்து பழைய வேலையைப் பற்றி அளந்திருக்கிறார் என்று அர்த்தம். நம் ஆள் அதைத்தான் செய்தார். நகரத்தில் பாதி வாழ்க்கையை லிஃப்ட் பழுது பார்ப்பதில் கழித்தவர். பிறகு அவரும் மனைவியுமாக மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, கடைசி மின்கம்பத்தையும் தாண்டி ஒரு துண்டு நிலமும் ஓட்டு வீடும் வாங்கிக் குடியேறினார்கள். கூரை மேல் சோலார் தகடுகள், பின்கட்டில் பேட்டரிகள், மழைத் தண்ணீருக்குத் தொட்டி. காய்கறியும் முட்டையும் விறகும் சொந்த மண்ணிலிருந்தே கிடைத்தன. "ஊருக்கே கரண்ட் போனாலும் நம்ம வீட்டு விளக்கு எரியும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எரியத்தான் எரிந்தது, வானத்தில் வெயில் இருந்தவரை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் பெயர் எழுதி ஒட்டிவிடுவார். அதற்கென்றே உள்ளங்கையளவு லேபிள் மிஷின் ஒன்று வைத்திருந்தார். சுவிட்ச், குழாய், வயர், டப்பா எதுவும் தப்பவில்லை. உப்பு ஜாடியில் 'உப்பு' என்று ஒட்டிய அன்று மனைவி, "அப்படியே என் நெத்தியிலயும் 'பொண்டாட்டி'ன்னு ஒட்டிடுங்க, மறந்து தொலைக்கப் போறீங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சர்க்கரை டப்பாவுக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டுக்குத்தான் மனைவியின் அம்மா ஒரு மாதம் தங்க வந்திருந்தார். அவர் நகரத்தில் தனியாக இருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கின் மாமியாருக்குக் கடவுள் அப்படியொரு வீட்டைக் கொடுத்திருந்தார், என்ன செய்வது! முழங்கால் இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகு படியிறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. இங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்று மகள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு மாசம் இருந்து பாக்கறேன். பிடிச்சா இருக்கேன், இல்லேன்னா என்னைக் கொண்டு போய் விட்டுடணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை.

அம்மா ஊரில் பஸ் ஏறும் முன்பே மனைவி கணவரின் காதைக் கடித்தாள். "அம்மா இங்கயே தங்கணும்னு எனக்கு ரொம்ப ஆசைங்க. நீங்க கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க."

அவ்வளவுதான். லிஃப்ட் பார்த்துப் பார்த்து நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார். தன் பட்டறை அறையைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, அத்தைக்குக் கொடுத்தார். அறையில் ஒரு சின்ன டிவி, கட்டிலுக்கு மேல் ஃபேன், படிக்க ஒரு விளக்கு. சுவிட்ச் போர்டில் வரிசையாக ஒட்டியிருந்த லேபிள்களையெல்லாம் உரித்தெடுத்து, பசை தெரியாமல் துடைத்தார். வந்திருக்கும் பெரியவருக்குத் தொழிற்கூடத்தில் படுத்திருப்பதுபோல் இருக்கக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

அத்தையை அவர் தாங்கு தாங்கென்று தாங்கினார். அத்தை தண்ணீர் மொள்ளப் போனால், "நீங்க உக்காருங்க அத்தை!" கீரை கிள்ள உட்கார்ந்தால், "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்?" கோழிக்குத் தவிடு போடப் போனால் ஓடிவந்து கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். அத்தையும் சளைக்கவில்லை. "வேண்டாம் மாப்பிள்ளை", "போதும் மாப்பிள்ளை", "பரவாயில்லை மாப்பிள்ளை" என்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, அறைக்குள் டிவிக்கு முன்னால் கை கட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அத்தனை மரியாதையாக இருந்ததைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு முட்டும்.

இதற்கு நடுவே வாத்து முட்டை விவகாரம் வேறு. தோட்டத்தில் நத்தைத் தொல்லை தாங்கவில்லை. கோஸும் கீரையும் ஓட்டை ஓட்டையாகப் போயின. வாத்து வளர்த்தால் நத்தையை ஒரு கை பார்த்துவிடும் என்று பக்கத்து நிலத்து ஆட்டுக்காரர் ஒரு கூடை முட்டை கொடுத்திருந்தார். மனைவி அவற்றின் மேல் உயிரையே வைத்திருந்தாள். லிஃப்ட், ஓட்டை ஃபிரிட்ஜ் ஒன்றைப் பிடித்து, உள்ளே இரண்டு குண்டு பல்பும், பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றும், சூட்டை அளந்து தானே அணைத்து ஏற்றும் கருவியும் வைத்து, பொரிப்புப் பெட்டி செய்திருந்தார். வாழ்நாளெல்லாம் குளிரவைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் கடைசிக் காலத்தில் சூடாக்க வைத்ததில் அவருக்குத் தனிப் பெருமை. அது முதலில் பட்டறையில் இருந்தது. அத்தை வருகிறார் என்றதும் சுவருக்கு அந்தப் பக்கம், சாமான் அறைக்குத் தள்ளிவிட்டார். சுவரில் துளை போட்டு வயரை இழுத்திருந்தார். சுவிட்ச் மட்டும் பழைய இடத்திலேயே, அத்தையின் கட்டில் பக்கத்துப் போர்டில் இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவர், சுத்தமாக மறந்தும் போனார்.

முட்டை வைத்து மூன்றாவது வாரம் வானம் மூடிக்கொண்டது. மழையென்றால் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கூரை மேல் வந்து உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றது. லிஃப்ட்டின் செல்போனில் பேட்டரியின் அளவு தெரியும். அது இறங்க இறங்க அவர் முகமும் இறங்கியது. முதலில் மிக்ஸியை நிறுத்தினார்கள். பிறகு வாஷிங் மிஷின். பிறகு கிணற்று மோட்டாரையும் நிறுத்தி, வாளியில் இறைத்தார்கள். சாப்பாட்டை வெளிச்சம் மங்குவதற்குள் முடித்துக்கொண்டார்கள். முடியாவிட்டால் அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள்.

அத்தையின் அறையில் மட்டும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. டிவி ஓடியது. ஃபேனும் சுற்றியது.

"அம்மாகிட்ட சொல்லிடலாங்க. அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

"சும்மா இரு. வந்தவங்ககிட்ட போய் விளக்க அணைங்கன்னு சொல்றதா? அப்புறம் தங்கின மாதிரிதான்."

அத்தையே கூப்பிட்டுக் கேட்டார். "மாப்பிள்ளை, கரண்ட் பத்துதா?"

"தாராளமா இருக்கு அத்தை! நீங்க பாருங்க, பாருங்க."

பொய் சொன்ன வாயோடு இருட்டில் போய் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். அத்தை ஒன்றும் கண் தெரியாதவர் இல்லை. அறைக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் வாய்க்கால் அடைப்பை எடுக்கத் தோட்டத்துக்குப் போனார்கள். மண்வெட்டியை நாலு வீச்சு வீசுவதும் போனை எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார் லிஃப்ட். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. இறங்கிக்கொண்டே வந்த பேட்டரி நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் ஒரு புள்ளி ஏறியும் இருந்தது.

"பாத்தியா? மேகத்துக்குள்ளயும் வெளிச்சம் வருது. நான் தகட்ட சாய்ச்சு வெச்ச கோணம் அப்படி!"

மனைவி வானத்தைப் பார்த்தாள். முந்தைய நாளைவிட ஒரு சொட்டு வெளிச்சம்கூட அதிகமாக இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நாளாகியிருந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

மதியம் முட்டையைத் திருப்பி வைக்கப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே இருட்டு. பல்பு இரண்டும் அணைந்திருந்தன, ஃபேன் நின்றிருந்தது. சூடு குறைந்தால் அலற வேண்டிய அலாரமும் அதே வயரில் இருந்ததால் அதுவும் செத்துக் கிடந்தது. முட்டையைத் தொட்டார். குளிர்ந்து கிடந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனார். சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்த வயர், அத்தையின் கட்டில் பக்கத்தில் அணைந்து கிடந்த சுவிட்ச்சில் முடிந்தது.

"யாரு இத ஆஃப் பண்ணது?" என்று கத்தினார்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான்தான் மாப்பிள்ளை. இங்க இருக்கற எல்லா சுவிட்ச்சையும்..."

"அறிவு வேண்டாமா? கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? மூணு வாரமா பொத்திப் பொத்திப் பாத்த முட்டை! உங்க இஷ்டத்துக்குப் போடறதுக்கும் அணைக்கறதுக்கும் இது என்ன லாட்ஜா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையிலிருந்த மண்வெட்டியை மிக மெதுவாகச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சாமான்களை அப்படித்தான் சத்தமே இல்லாமல் வைப்பாள். அத்தை கட்டிலுக்கடியில் குனிந்து தன் துணிப் பெட்டியை இழுத்தார். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

ஊருக்குக் கிளம்பத் துணி அடுக்குகிறார் என்றே லிஃப்ட் நினைத்தார். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துக்கொண்டாயிற்று. அந்த சுவிட்ச்சில் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டியிருந்ததும், மரியாதை கருதி அதைத் தன் கையாலேயே உரித்துப்போட்டதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தன. உப்புக்கு லேபிள் ஒட்டத் தெரிந்த மனிதர், ஒரு கூடை உயிருக்கு ஒட்டியிருந்ததைக் கிழித்திருக்கிறார்.

சுவிட்ச்சைப் போட்டார். அத்தையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அத்தை, தப்பு என்மேலதான். அந்த சுவிட்ச்சுல பேர் ஒட்டி வெச்சிருந்தேன். நீங்க வர்றீங்கன்னு நானே பிச்சுட்டேன். நான் பேசினதெல்லாம்..."

"பிச்சதெல்லாம் இருக்கட்டும். இந்த பல்பு எரிஞ்சா ராத்திரிவரைக்கும் பேட்டரி தாங்குமா?"

அத்தையின் கையில் இருந்தது துணிமணி இல்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை.

"தாங்காது" என்றார் லிஃப்ட். முதல் முறையாக அத்தையிடம் கரண்ட் விஷயத்தில் உண்மை பேசினார்.

"அப்ப நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அடுப்புல தண்ணியப் போடுங்க."

வெந்நீர்ப் பை யோசனை அவருக்கும் இரண்டு நாளாக மனதில் இருந்ததுதான். வந்தவரின் வலிக்கு வைத்திருப்பதை எப்படிக் கேட்பது என்று மென்று விழுங்கியிருந்தார். இப்போது ஓடிப்போய் விறகைத் திணித்தார். அத்தை பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார், தன் கம்பளிப் போர்வையை எடுத்து முட்டைகளைச் சுற்றிப் போர்த்தினார். மனைவி தண்ணீர் கொண்டுவர, லிஃப்ட் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சூடு சொல்ல, அத்தை பையை மாற்றிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் இருந்தவரை வெந்நீர், அதற்குமேல் பல்பு என்று பேட்டரியை மிச்சம் பிடித்தார்கள். அத்தையின் முழங்கால் அன்று எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அடுப்பு முன்னால் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தபோது அத்தையே பேச்செடுத்தார்.

"லாட்ஜான்னு கேட்டீங்களே..."

"ஐயோ அத்தை, ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறல. சரியாத்தான் கேட்டீங்க. லாட்ஜுலதான் வந்தவங்களுக்கு விளக்கப் போட்டுக் குடுத்துட்டு வீட்டுக்காரன் இருட்டுல உக்காந்திருப்பான். வந்த நாள்லேருந்து என்னை ஒரு துரும்பை எடுத்துப் போட விட்டீங்களா? கீரையக்கூடப் பிடுங்கி வெச்சுக்கிட்டீங்க. ஊருக்குப் போயிடலாம்னுதான் இருந்தேன்."

"இப்ப?"

"தண்ணி கொதிக்குது, கவனிங்க."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று லிஃப்ட்டுக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கலாம்.

மறுநாள் மேகம் விலகி வெயில் வந்தது. வாத்து முட்டை நம் கவலைக்கெல்லாம் அசைகிற ஜாதி இல்லை. கொஞ்சம் குளிரைத் தாங்கும். டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பலவற்றுக்குள் ஏதோ துள்ளியது. சில முட்டைகள் அசையவே இல்லை. அவற்றை அத்தை தனியாக எடுத்துவைத்துவிட்டு, அன்று முழுவதும் உம்மென்று இருந்தார். அடுத்த வாரம் ஓடுகள் விரிசல் விட்டன. ஈரமும் மஞ்சளுமாகக் குஞ்சுகள் வெளியே வந்து விழுந்தன. மனைவி தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்தாள்.

மாதமும் முடிந்தது. ஊருக்குப் போகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று லிஃப்ட்டும் கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் உதைப்பு. அன்று காலை அவர் கூரைமேல் ஏறித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே முற்றத்தில் அத்தை, குஞ்சுகளுக்குத் தீனி போட்டபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். நகரத்தில் எதிர் வீட்டுத் தோழி போலும்.

"இல்லடி, வரல. வீட்டக் காலி பண்றேன்னு சொல்லிடப் போறேன்... என்ன குறைச்சல்? மாப்பிள்ளை என்னைத் திட்டிட்டார் தெரியுமா?... ஆமாண்டி, நல்லாவே திட்டினார். அறிவு வேண்டாமான்னு கேட்டார்!" அத்தை சிரித்தார். "வேத்து மனுஷியா இருந்தா திட்டுவாரா, சொல்லு?"

லிஃப்ட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிறைந்துபோய், கண் கலங்கியது. அத்தை போனை வைத்துவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஒட்டுக் கேட்டது போதும், இறங்கி வாங்க மாப்பிள்ளை! தவிடு தீந்துபோச்சு, மூட்டைய யாரு தூக்குவா? நானா?"

"வர்றேன், வர்றேன். ஏன் கத்தறீங்க?" என்று கத்திக்கொண்டே ஏணியில் கால் வைத்தார் லிஃப்ட்.