கோணி ஊசி

“பிரவுசர்ல ஓடுற சமாச்சாரத்துக்கு சர்வர்ல என்னம்மா வேலை?” என்றார் பூட்டு.

கிடங்கின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எதைக் கேட்டாலும் பூட்டி வைப்பதால் அந்தப் பெயர். போன வாரம் சர்வரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் ரன்டைமைத் தூக்கிக் கடாசியிருந்தார்.

நிரல் எழுதுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டை தைக்கும் பெண்கள் நாளைய வேலைக்குப் பெயர் பதியும் பக்கம் அவள் கட்டியது. நேற்றுப் பழைய போன்களில் அதன் பொத்தான் அமுங்கவில்லை. பழைய போன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இன்றைய வேலை போயிற்று, அவளுடைய அண்ணிக்கும்தான். திருத்தம் தயார். ஏற்றப் போனால், ரன்டைம் இல்லை என்று சர்வர் முகத்தில் அடிக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் பதிவு திறந்துவிடும்.

“பக்கத்தைக் கட்டுற நம்ம ஃபிரேம்வொர்க்கே வேற மொழி. இது எதுக்கு தண்டமா?” என்றார் பூட்டு.

“நான் எழுதுறது அப்படியே போனுக்குப் போகாதுண்ணே. பழைய போனுக்கும் புரியற மாதிரி மாத்தி, சுருக்கித்தான் ஃபிரேம்வொர்க் அனுப்பும். மாத்துற கருவியே ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது. சர்வர்ல அதை ஓட்ட ஒண்ணு வேணாமா? வாய் தைக்காத மூட்டைய லாரியில ஏத்துவீங்களா? தையல் மெஷின் கிடங்குலதான இருக்கணும், சரக்கு வாங்குறவன் வீட்டுலயா?”

“உன் லேப்டாப்ல ஓடுதில்ல? அங்க மாத்தி எடுத்துட்டு வா.”

ஜன்னல் கம்பிக்கு வெளியே அண்ணி வந்து நின்றாள். “என்ன நாத்தனாரே, இன்னிக்காச்சும் உன் பொத்தான் அமுங்குமா, இல்ல கோணி ஊசியால குத்தணுமா?”

கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் ஊசி குத்திய தழும்புகள். தையல் மெஷின் கெட்டுவிடும் என்று மேலாளர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி வருஷமாகிறது. கேட்டால், “அதான் கையாலயே நல்லா தைக்கிறீங்களே” என்பார்.

பூட்டிடம் முடியாது என்று சொல்லத்தான் நிரல் எழுதுகிறவள் வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கினாள். தன் லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் மாற்றிச் சுருக்கி, கோப்பு கோப்பாக ஏற்றினாள். பதிவு திறந்தது. “அமுங்கிருச்சுடி!” என்று வெளியே கூச்சல்.

பூட்டு நாற்காலியில் சாய்ந்தார். “பாத்தியா? ரன்டைம் இல்லாமயே ஓடுது. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. லேப்டாப்பை மூடிப் பைக்குள் திணித்தாள்.

மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். “பதிவாச்சுன்னு திரையில வர்ற பெட்டியில என் பதவிய தப்பா போட்டிருக்கு. உடனே மாத்தணும், முதலாளி பாப்பாரு.”

“அதுவும் ஸ்கிரிப்ட்ல இருக்கு சார். ரன்டைம் இருந்தா சர்வர்லயே மாத்திக்கலாம். இந்த அண்ணன்தான் அது வேணாம்னுட்டாரு.”

“நீ மாத்தேன்மா.”

“இது என் சொந்த லேப்டாப் சார். கையால தைச்சது இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். அதுவும் அவங்களுக்காக.” ஜன்னலைக் காட்டினாள். “உங்களுக்கு மெஷின் வேணும்னா பூட்டைத் திறங்க. சர்வர் பூட்டு, அலமாரிப் பூட்டு, ரெண்டையும்.”

மேலாளர் பூட்டைப் பார்த்தார். பூட்டு விசைப்பலகையைப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணியிடம் போனாள்.