மூன்று சர்வரிலும் அஸார்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெளியே மழை இரைகிறது, என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலத்துத் தஹ்மீனாவின் கதையைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் அஸார் ஷார்ஜாவில் கடை வேலைக்குப் போனவன். போன வருஷம் நெஞ்சுவலியில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான். இங்கே யாருக்கும் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மிஞ்சியது, அவன் போனில் பேசி அனுப்பிய குரல்கள்தான். அந்தியில் மஃரிப் தொழுததும் மாமியார் ஜன்னத் பீவி மருமகளை ஒட்டி வந்து உட்காருவாள்.

"எம்புள்ளையப் பேசச் சொல்லு."

"உம்மா, மருமவ ஆக்குற ஆணத்துல உப்பில்லைங்கிறியே, எனக்கு இங்க ஆணமே இல்லை" என்று போனிலிருந்து அஸார் சிரிப்பான்.

"உப்பு இல்லதானே" என்று கிழவியும் சிரிப்பாள். தினமும் இதேதான்.

தஹ்மீனாவின் பழைய போன் நிரம்பி, அடிக்கடி நின்றுபோனது. மயிலாடுதுறையில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குக் கிளவுடில் மூன்று சர்வர்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர். குரல்களை ஒன்றில் ஏற்றினாள். எந்த சர்வரைத் திறந்தாலும் அஸார் இருந்தான். மூன்று பிரதி இருக்கிறதே என்று தைரியமாகப் போனில் அழித்துவிட்டு, வீட்டில் ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள்.

ஒரு நாள் ஆபீஸில், முதல் சர்வரை நிறுத்தப் போகிறோம், காலி செய் என்றார்கள். அதிலிருந்து அஸாரை அழித்தாள். இரண்டாவதைத் திறந்தாள். இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

பக்கத்து நாற்காலிப் பரிதி வந்து பார்த்தான்.

"அக்கா, மூணு சர்வரும் மூணு மடை மாதிரி. வாய்க்கால், அதான் அந்த ஃபோல்டர், ஒண்ணுதான். எந்த மடையில வடிச்சாலும் எல்லாத்துலயும் போயிடும்."

"பேக்கப் இருக்கும்ல தம்பி?"

"இது டெஸ்ட்டுக்குப் போட்ட எடம்க்கா. பேக்கப் வைக்கல."

அவனே கிளவுட் கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று தொழுகை முடிந்து ஜன்னத் பீவி வந்து உட்கார்ந்தாள். லேப்டாப் மூடியே இருந்தது.

"மாமி, அவங்க குரல் போயிடுச்சு. நாந்தான் அழிச்சுட்டேன்."

கிழவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஆணம் சொன்னானே, அதுவுமா?"

"அதுவும்தான் மாமி."

கிழவி லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அவன் சொன்ன மாதிரி நீ சொல்லு" என்றாள்.

தஹ்மீனா திணறித் திணறிச் சொன்னாள்.

"அப்படி இல்லடி. 'உம்மா'ங்கிறத அவன் இழுப்பான்."

இழுத்தாள். அது அஸார் இல்லை. இருவருக்கும் தெரிந்தது.

"இன்னொருக்கா சொல்லு. எனக்கு மறந்துடும்" என்றாள் கிழவி. பள்ளிவாசலில் இரவு இஷா பாங்கு சொல்லும்வரை தஹ்மீனா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உங்கள் வீட்டிலிருந்து தூரம் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா. நீங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து "இதோ வர்றேன்" என்று ஒரு குரல் என்றைக்கும் இருக்கட்டும்.