முழிச்சு வந்து சொல்லுறன்

வெள்ளவத்தைச் சந்தையில் பாரைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரிக்குப் பேச்சு நின்றது. வாய் அசைந்தது; சொல் வரவில்லை. மீன்காரன் ரொனி அதையும் பேரத்தில் ஒரு வகை என்று நினைத்து விலையை இறக்கினான். மீன் பைக்குள் விழுந்த பிறகுதான் அவளுக்குச் சொல் திரும்பியது.

தொண்டை வழியாகக் குழாய் இறக்கி எடுத்த ஸ்கானை டொக்டர் ஷபீகா காட்டினார். இதய வால்வில் ஒரு சின்னக் கட்டி, தண்ணீருக்குள் பாசி ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"கேன்சரோ?" கணவர் நாகேந்திரம் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இல்ல ஐயா. ஆனா இருக்கிற இடம் கூடாது. துணுக்கு ஒண்டு பிரிஞ்சு மூளைக்குப் போனதாலதான் அண்டைக்குப் பேச்சு நிண்டிருக்கு. பெரிசா ஒண்டு போனா பேச்சு திரும்பாது. நெஞ்சைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்தா, வால்வைக் காப்பாத்தலாம்."

"குளிசை மருந்தால கரைக்கேலாதோ?"

"கரையாது."

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பமே..."

"இஞ்சாருங்கோ, என்னத்தைப் பாக்கிறது?" யோகேஸ்வரி கணவர் பக்கம் திரும்பினாள். "என்ர வாய் நிண்டா உங்களுக்கு நிம்மதிதான். எனக்கில்லை. டொக்டர், வெட்டுங்கோ."

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் டொக்டர் அவளது பேச்சைச் சோதித்தார். "உங்கட கணவர்ட பேர் என்னம்மா?"

அவள் தலையைக் குனித்துக்கொண்டாள். மறுபடி கேட்டபோதும் பதில் இல்லை.

"நர்ஸ், ஸ்கானுக்குச் சொல்லுங்க, கெதியா!"

"ஐயோ டொக்டர், இது அந்த வருத்தமில்லை!" நாகேந்திரம் பதறினார். "கலியாணம் கட்டின நாளில இருந்து இவ என்ர பேரைச் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ' எண்டுதான் கூப்பிடுவா. வீட்டுப் பழக்கம்."

டொக்டர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். யோகேஸ்வரி சிரிக்கவில்லை.

"வெட்டி எடுங்கோ. முழிச்சு வந்து சொல்லுறன்."

கட்டி போயிற்று, வால்வு தப்பியது. தொண்டைக்குள் விட்டிருந்த செயற்கைச் சுவாசக் குழாயைக் கழற்றியபின் நாகேந்திரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யோகேஸ்வரியின் உதடுகள் அசைந்தன. சொல் வரவில்லை, சந்தையில் நடந்ததைப் போலவே.

"யோகம், ஏதும் கதையன்!"

டொக்டர் ஈரப் பஞ்சால் அவளது உதடுகளை நனைத்தார். அவள் கண்களை இறுக்கி மூடி, எச்சிலை விழுங்கினாள்.

"நாகேந்திரம்."

"ஓம்," என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து. கண்ணீர் வழிந்தது. "ஓம், ஓம். இன்னொருக்கால் சொல்லு."

"போதும்," என்றாள் கரகரத்த குரலில். "இனி இஞ்சாருங்கோதான்."