கீழ்ப்பிடி

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்கி இறக்கும் கூட்டத்தில் அவனுக்கு அலமாரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரும்பு அலமாரியைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடி மாடியாக ஏறிப்போய் இறக்கி வைத்தான். வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். கூட வந்தவர்கள் பெயரை மாற்றினார்கள். அன்றிலிருந்து கீழ்ப்பிடி அவனுடையது.

கீழ்ப்பிடி என்றால் என்னவென்று மாடிப்படியில் பீரோ ஏற்றியவனுக்குத்தான் தெரியும். மேலே இருப்பவன் வழி சொல்வான், இழுப்பான், சுவரில் இடிக்காமல் திருப்புவான். பாரம் மொத்தமும் சாய்வது கீழே இருப்பவன் மார்பில். மேல்பிடிக்காரன் கை நழுவினால் கீழ்ப்பிடிக்காரன் தாங்கிக்கொள்வான். கீழ்ப்பிடிக்காரன் கால் மடங்கினால் தாங்க ஆளில்லை. பீரோவும் அவனும் ஒன்றாகத்தான் தரைக்கு வந்து சேர்வார்கள், பீரோ மேலே, அவன் அடியில்.

அந்த வாரம் ஒரு ஃபிரிட்ஜை ஏற்றும்போது, பாதிப் படியில் அவன் வலது முட்டி ஆடியது. வலி என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இது வலி இல்லை. தன்னுடைய கால் இல்லாத ஏதோ ஒன்று இடுப்புக்குக் கீழே மாட்டியிருந்ததுபோல் இருந்தது. எப்படியோ திருப்பம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டான். நிமிர்ந்தபோது மேல்பிடியில் இருந்த டேப்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டேப்புதான் கூட்டத்துக்குத் தலைவன். வயதில் சின்னவன். இடுப்பில் அளவு டேப்பு இல்லாமல் அவனைக் கண்டவர்கள் கிடையாது.

"அண்ணே, முட்டி டான்ஸ் ஆடுச்சு."

"செருப்பு வழுக்குச்சுடா."

"நீங்க போட்டிருக்கறது ஷூ."

அலமாரி குனிந்து பார்த்துக்கொண்டான். ஷூதான்.

"இங்க பாருங்க," டேப்பு குரலைத் தணித்தான். "திங்கக்கிழமை அந்தப் பாட்டுப் பள்ளிக்கூடத்துல பியானோ ஏத்தணும். லிஃப்ட்ல நுழையாது, அளந்துட்டேன். மொட்டை மாடிக்கு முந்தின மாடி. கீழ்ப்பிடி நீங்களா, வேற ஆளான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. யானைக்கும் அடி சறுக்கும்ணே. சறுக்கட்டும். ஆனா சறுக்கும்போது யானை மேல பியானோ இருக்கக் கூடாது."

கீழ்ப்பிடியை விட்டவனின் கதி என்னவென்று அலமாரிக்குத் தெரியும். மெத்தையும் தலையணையும் சுமப்பான். கண்ணாடிச் சாமான்களுக்குப் போர்வை சுற்றுவான். 'என்ன தலகாணி, இன்னிக்கு எத்தனை தலகாணி?' என்பார்கள். அப்படி அவனே ஒருவரைக் கேட்டிருக்கிறான், வாய்விட்டுச் சிரித்துமிருக்கிறான்.

வீட்டில் அவன் மனைவி அரைக்குந்தலில், முதுகைச் சுவரில் ஒட்டி, நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். இது அந்த வீட்டில் பழகிப்போன காட்சி.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வை, ஈர விரிப்பு என்று வாரி வாரிப் போட்டதில் ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. அங்கேயே இருந்த பிசியோ அம்மா, "பொத்திப் பொத்தி வெச்சா முதுகு இன்னும் கெட்டுப்போகும். பலப்படுத்து," என்று சொல்லிவிட்டார். அவளும் டயர்க்கடை மாடியில் இருக்கும் ஜிம்மில் போய்ச் சேர்ந்தாள். வேலை முடிந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஜிம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பின்னால் நிற்கிற மலை. தோள்பையில் எந்நேரமும் ஒரு டப்பா. அதில் அவித்த முட்டை, வறுத்த கடலை, பேரீச்சம்பழம், இரண்டு வாழைப்பழம். அலமாரி அதற்கு நடமாடும் பெட்டிக்கடை என்று பெயர் வைத்திருந்தான்.

ஜிம்முக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "தூக்கினா கூலி வாங்கறது நம்ம பொழப்பு. கூலி கொடுத்துத் தூக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

"நீங்க ஊரான் பீரோவத் தூக்கறீங்க. எனக்கு என் முதுகே பெரிய பீரோ."

ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவள் அங்கே என்ன தூக்குகிறாள், எப்படித் தூக்குகிறாள் என்று அவன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. மலைக்கும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தூங்குவதற்கு.

அன்றைக்கு அவனாக வாய் திறந்தான். "ஞாயித்துக்கிழமை நானும் மலைக்கு வரேன்."

வெள்ளரிக்காய் வாயில் பாதியில் நின்றது. "யாரு, நீங்களா? எந்த வீட்டுச் சாமான் மேல போகுது?"

"சும்மாதான். காலார."

காலார என்பதெல்லாம் பொய். அவன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தான். நிற்காமல் அந்த மலையை ஏறிவிட்டால் முட்டி பியானோவைத் தாங்கும். டேப்புக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம். ஏற முடியாவிட்டால் என்ன என்பதை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஞாயிறு காலை அவள் இரண்டு முட்டையைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவன் கையை ஆட்டினான்.

"பாரம் எடுக்கறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருக்கணும். வயிறு ரொம்பினவன் கீழ்ப்பிடிக்கு லாயக்கில்ல."

"பாரம் எங்க இருக்கு? வெறுங்கையோடதான வரீங்க?"

"எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு."

அவர்களுக்கு இரண்டு முறை உண்டு. ஒன்று, தின்றுவிட்டுத் தூக்கக் கூடாது. இறக்கிய பிறகுதான் சோறு. இன்னொன்று, ஏற்றிய பாரத்தை நடுப்படியில் இறக்கக் கூடாது. திருப்பத்துக்குப் போய்த்தான் மூச்சு. இத்தனை வருஷமும் அந்த இரண்டும் அவன் உயிரைக் காப்பாற்றியிருந்தன. ஆனால் மாடிப்படிக்கு ஒரு முடிவு உண்டு. மலைக்குத் திருப்பம் எங்கே இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை.

பாதை மரங்களுக்குள் நுழைந்ததுமே அவன் வேகம் பிடித்தான். தலையைக் குனிந்து, அடுத்த கல்லை மட்டும் பார்த்து, பீரோவுக்குக் கீழே ஏறுகிற அதே ஏற்றம். பின்னால் அவள் நிதானமாக வந்தாள். சில இடங்களில் நின்றாள், தண்ணீர் குடித்தாள், கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். அவனுக்கு அது கேலியாக இருந்தது. "கடை விரிச்சாச்சா?" என்று கத்தினான்.

"நீங்க போங்க. மலை எங்கேயும் போயிடாது," என்று கீழேயிருந்து பதில் வந்தது.

கொஞ்ச தூரத்தில் அந்தக் குரலும் கேட்காமல் போனது. மரங்கள் குறைந்து வெறும் பாறையும் புல்லும் ஆயின. சட்டை முதுகோடு ஒட்டியது. பிறகு வேர்வை சில்லென்று மாறியது. காதுக்குள் யாரோ சல்லடை சலித்தார்கள். அப்போதும் அவன் நிற்கவில்லை. அடுத்த வளைவு, அடுத்த வளைவு என்று ஏறினான். வளைவுக்குப் பின்னால் இன்னொரு ஏற்றம்தான் இருந்தது. முட்டி ஒருமுறை ஆடியது. இரண்டாவது முறை ஆடவில்லை, மடங்கியது. அவன் உட்காரவில்லை, அறுந்து விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு தட்டைப் பாறையின் மேல்.

எழுந்திருக்கப் பார்த்தான். கை நடுங்கியது. பசி என்று உடம்பு சொன்னதை அவன் பயம் என்று எடுத்துக்கொண்டான். பயமும் இருந்தது. இந்தக் கால் நாளைக்கு மாடிப்படியில், பியானோவுக்கு அடியில் இப்படி மடங்கினால்? விழுந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

மறுபடி திறந்தபோதுதான் எதிரே பார்த்தான்.

ஊர் முழுவதும் அவன் காலடியில் கிடந்தது. பனி பாதி விலகி, பாதி தெருக்களில் பாலாகத் தேங்கியிருந்தது. அதற்கு மேலே கூரைகள் மட்டும் மிதந்தன. ரயில் ஒன்று பனிக்குள் நுழைந்து வேறோர் இடத்தில் வெளியே வந்தது, சத்தமே இல்லாமல். அவன் ஏறாத மாடி அந்த ஊரில் குறைவு. ஆனால் எந்த மாடியிலிருந்தும் அவன் ஊரைப் பார்த்ததில்லை. ஏறும்போது மூக்குக்கு நேரே பீரோவின் பலகை. இறங்கும்போது அடுத்த பாரத்துக்கு ஓட்டம். இவ்வளவு காலம் உயரத்துக்கே உழைத்தவன், உயரம் என்றால் என்னவென்று இப்போதுதான் பார்க்கிறான்.

ஒரு பருந்து வட்டமடித்தது. அவனுக்குக் கீழே. பருந்தின் வயிற்றைத்தான் மனிதன் பார்ப்பான். வெயில் பட்டு, செம்பு மாதிரி மின்னுகிற அதன் முதுகை அவன் பார்த்தான். அது வட்டத்தை முடிக்கும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அவள் வந்து சேர்ந்தாள். மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது, இரைக்கவில்லை. அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பேரீச்சம்பழத்தை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"திருப்பம் வந்துடுச்சு. தின்னுங்க."

தின்றான். வாழைப்பழம் தின்றான். முட்டையை உரித்துத் தந்தாள், தின்றான். கை நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு பேரீச்சம்பழத்துக்கு இவ்வளவு சக்தியா என்று தோன்றியது.

"முட்டி போச்சு," என்றான்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வீட்டுப் படியில நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறீங்க. ஒரு மாசமா பாக்கறேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா செருப்பு வழுக்குதுன்னு சொல்லுவீங்க."

பியானோவைச் சொன்னான். டேப்பு கேட்டதையும், மலை ஏறி முட்டியைச் சோதிக்க வந்ததையும் சொன்னான். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"மலையில மடங்கினா பாறையில உக்காருவீங்க. அங்க மடங்கினா?"

"அதான்."

"என்ன அதான்? நீங்க ஆஸ்பத்திரியில படுத்து, எங்க சலவைக்கூடத்துக்கு உங்க போர்வை வரணுமா?"

காற்று வீசியது. பிறகு அவள் எழுந்து புடைத்த பையைத் தோளில் மாட்டினாள். "இறங்கிடலாமா?"

உச்சி தலைக்கு மேலே தெரிந்தது. இங்கிருந்து பார்த்ததற்கே இப்படி இருக்கிறது, அங்கே எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. சாமான் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டது அவனுக்கே ஆச்சரியம். "மெதுவாப் போனா முடியுமா?"

"என் மாதிரி வந்தா முடியும்."

அவள் மாதிரி ஏறினான். கொஞ்சம் நடை, கொஞ்சம் நிற்றல், ஒரு வாய் தண்ணீர், ஒரு பிடி கடலை. நிற்கிற இடமெல்லாம் ஊர் வேறு மாதிரி இருந்தது. அவள் நின்று நின்று வந்ததற்கு மூச்சு மட்டும் காரணமில்லை என்று அவனுக்கு விளங்கியது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இடுப்பளவுக்கு மேல் உயரமாக ஒரு பாறை குறுக்கே நின்றது. சாதாரணக் கால் என்றால் ஒரு தாவல். அவன் காலை வைத்து அழுத்தினான், முட்டி மறுத்துவிட்டது. அவள் மேலே ஏறிப்போய்த் திரும்பினாள்.

"கையைக் குடுங்க."

"நீ என்னை இழுப்பியா? கீழ விழுந்துருவ. என் எடை தெரியுமா?"

"தெரியும். ஜிம்முல அதைவிட அதிகமா வெச்சுத்தான் தூக்கறேன். கையைக் குடுய்யா."

அவன் கையைக் கொடுத்தான்.

அடுத்து நடந்ததை அவன் கண்ணால் பார்க்கவில்லை, உடம்பால் உணர்ந்தான். வெடுக்கென்று இழுப்பாள் என்று நினைத்தான். அவள் இழுக்கவே இல்லை. முதலில் அவள் குதிகால் இரண்டும் பாறையில் ஊன்றியது அவன் மணிக்கட்டு வழியாக வந்து சேர்ந்தது. பிறகு இடுப்பு தாழ்ந்தது. முதுகு ஒரு பலகையாக நின்றது. அதன் பிறகுதான், அவசரமே இல்லாமல், ஏதோ ஒன்று பூமிக்குள்ளிருந்து கிளம்பி அவள் கால் வழியாக ஏறி அவனைத் தூக்கியது. பாதியில் அவன் கால் வழுக்கியது. முழு எடையும் அவள் கையில். அவள் அசையவில்லை. "ம், வாங்க," என்றாள், கதவைத் திறந்துவிட்டவள் மாதிரி.

எத்தனையோ பேருடைய பிடியைப் பார்த்தவன் அவன். எதிர்முனையில் இருப்பவன் தாங்குவானா, விடுவானா என்று பாரம் கைக்கு வந்ததுமே சொல்லிவிடுவான். இத்தனை வருஷத்தில் அவன் பாரமாக இருந்தது இதுதான் முதல் தடவை. இப்படி ஒரு பிடியையும் அவன் கண்டதில்லை. நன்றாகப் பிடித்தவன் கையில் பாரத்துக்கும் பயம் இருக்காது போலும். மேலே வந்து விழுந்தவன், எழுந்திருக்காமல், தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வியர்த்த நெற்றி, காற்றில் பிரிந்த முடி, அவளுக்குப் பின்னால் வானம். தினமும் பார்க்கிற முகம்தான். ஒரே வீட்டில் இந்தப் பெண்ணோடு இவ்வளவு நாளாக எப்படி ஒன்றும் தெரியாமல் இருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? அடிபட்டுச்சா?"

"இல்ல."

உச்சியில் காற்று பலமாக இருந்தது. பனி முழுவதும் விலகியிருந்தது. மலைக்கு மறுபக்கம் இன்னொரு மலை, அதன் தோளில் இன்னொன்று, அதற்கும் அப்பால் நீலமா புகையா என்று தெரியாத ஒன்று. இவ்வளவும் தன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அலமாரி நெடுநேரம் நின்றான். பிறகு போனை எடுத்தான்.

"டேப்பு, திங்கக்கிழமை கீழ்ப்பிடிக்கு வேற ஆளு பாரு."

"முட்டியாண்ணே?"

"முட்டிதான்."

"செருப்பு இல்லையே?"

"டேய்!"

டேப்பு சிரித்தான். கேலிச் சிரிப்பில்லை, சுமை இறங்கியவன் சிரிப்பு. "நல்லதுண்ணே. பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க மேல்பிடிக்கு வாங்க, நான் பக்கத்துல நிக்கறேன். சரி, நல்ல கீழ்ப்பிடி யாராவது தெரியுமா உங்களுக்கு?"

அலமாரி திரும்பிப் பார்த்தான். அவள் கால் நீட்டி உட்கார்ந்து, டப்பாவில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆளு தெரியும். உன் கூட்டத்துக்கெல்லாம் வராது."

போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். காலை நீட்டினான். முட்டி வீங்கியிருந்தது.

"இது சரியாகுமாடி?"

"பிசியோ அம்மாகிட்ட காட்டணும். அப்புறம் ஜிம்முக்கு வரணும்."

"வரேன்."

"அங்க எல்லாரும் வெயிட்டு மாட்டாம, வெறும் கம்பியிலதான் ஆரம்பிக்கணும். முதல் வாரம் அதை மட்டும்தான் தூக்க விடுவாங்க."

"வெறும் கம்பியா? நானா?"

"நீங்கதான்."

கீழே ஊர் மேல் ஒரு மேகத்தின் நிழல் நகர்ந்தது. பாட்டுப் பள்ளிக்கூடத்தை மூடி, ரயில் பாதையைத் தாண்டி, வயல்களில் ஏறியது. அவ்வளவு பெரிய நிழல், யார் தலையிலும் இடிக்காமல். அது எதிர்மலையில் தொற்றி ஏறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.