காஸ் தொட்டி

செம்பூரில் தபேலா என்று சொல்லும் எருமைக் கொட்டிலின் பின்புறம் நான்கு பேர் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த அண்டாவைப் போலத் தொட்டியை மூடியிருந்த இரும்பு டிரம் அசைந்து அசைந்து எழும்பியது. அடியிலிருந்து கிளம்பிய நாற்றத்தில் பேராச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தொட்டி வருவதற்கு முன் சாணமெல்லாம் அவள் கைக்குத்தான் வந்தது. வரட்டி தட்டித் தாராவிவரை கொண்டுபோய் விற்பாள். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் காஸ் கிளம்பி அடுப்பெரியும் என்று யாரோ தபேலா முதலாளி சேட்டுக்குச் சொன்னார்கள். அதோடு ஒரு கூடைச் சாணம்கூட வெளியே போகவில்லை. கரைத்து ஊற்றும் வேலையில் அவள் புருஷன் தங்கபாண்டியைப் போட்டார்கள். இப்போது குடும்பம் ஓடுவது அந்த ஒரு வேலையில்தான்.

தொட்டிக்குள் சாணம் ஏடு கட்டி இறுகியதில் சேட் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது. அந்த அடுப்பைப் பார்க்கவென்றே சம்பந்தி வீட்டார் வரவிருந்தார்கள்.

"ஏல தங்கபாண்டி, எறங்கி வெட்டி எடு," என்றார் மேஸ்திரி கோமதிநாயகம்.

"அண்ணாச்சி, உள்ள இருக்க காத்து வெளிய போவட்டும். நாளைக்கு எறங்குதேன்."

"சேட்டு ஜல்தி முடிக்கச் சொல்லுதாரு. நீ எறங்காட்டா வேற ஆளு எறங்குவான். பொறவு குடிசையக் காலி பண்ணணும், பாத்துக்க."

குடிசை சேட்டின் இடத்தில்தான் நின்றது. தங்கபாண்டி சட்டையைக் கழற்றினான்.

"எறங்காதிய," என்றாள் பேராச்சி. அவன் அவளைப் பார்க்கவில்லை. எருமை கட்டும் கயிற்றை எடுத்து அவளே அவன் இடுப்பில் முடிந்து, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

ஏணியில் நின்று மண்வெட்டியால் கொத்தினான். ஏடு பிளந்து கொப்பளித்தது. மறுபடி ஓங்கிய மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

"என்ன செய்யுது? பேசுங்க!"

கயிறு சரேலென்று இறங்கி அவள் உள்ளங்கைத் தோலை உரித்தது. "ஐயோ, ஓடியாங்க!"

சங்கிலியைத் தூணில் சுற்றிவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோருமாக இழுத்து அவனைக் கரையில் போட்டார்கள். பேராச்சி அவன் வாய்க்குள் விரலை விட்டுச் சாணத்தைத் தோண்டினாள். தண்ணீரை வாரி ஊற்றிய பிறகு இருமி வாந்தியெடுத்தான். கண் திறந்தது. அவளை அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும் அண்ணாச்சி!"

"பால் வண்டி வரட்டும். உசிரு இருக்குல்லா."

மேஸ்திரி குனிந்து, தங்கபாண்டியின் இடுப்பில் ஊறி இறுகிய முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். சங்கிலி இழுத்தவர்களில் நயினார் போன வாரம்தான் ஊரிலிருந்து வந்தவன்.

"நீ வால."

நயினார் பேராச்சியின் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். பிறகு கயிறு கட்ட வாகாக இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நின்றான்.