மைக்கில் சொன்ன பெயர்கள்

என் அக்காவுக்கு நல்லது செய்யத் தெரியும், மெதுவாகச் செய்யத் தெரியாது. எங்கள் ஆலயத்தில் இளம்பெண்கள் குழுவை நடத்துகிறவள் அவள்தான். சனிக்கிழமை மாலை கூடுகிற குழு அது. பெரிய வகுப்புக்குப் போகப் போகப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். ட்யூஷன், பாட்டு, நீச்சல் என்று எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. அக்காவுக்கோ அவர்கள்தான் உலகம். அவர்களுக்காக வாங்கி வைத்த கேக்கை நானும் அவளும் தின்று தீர்த்தோம். எனக்கு எடை கூடியதுதான் மிச்சம்.

வேறு யாராக இருந்தாலும் போன் போட்டு என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். அக்கா ஜெபம் செய்தாள். அதுவும் ஞாயிறு ஆராதனையில், மைக்கைப் பிடித்து, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்கு உமக்கென்று நேரமில்லை" என்று அழுதாள். அந்த அழுகை நிஜம், அதுதான் வம்பே. கீபோர்டு வாசிக்கிற எனக்கு, அப்பா அம்மாக்கள் திரும்பித் தங்கள் பெண்களை முறைப்பது நன்றாகவே தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னும் ஒருத்தி குறைந்தாள்.

நாங்கள் இருவரும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். ஒரு மதியம் அங்கே, குழுவிலிருந்து நின்றுவிட்டவர்களில் ஒருத்தியான மீனு வந்தாள். எந்நேரமும் நீச்சல் குளத்திலேயே கிடப்பதால் அந்தச் செல்லப் பெயர். அவள் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி கழன்றிருந்தது.

அக்கா சின்னத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டே, "உனக்காக ஜெபம் பண்ணிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாள்.

"அதப் பத்தித்தான் கேக்கணும் அக்கா. கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

திருப்புளி நின்றது.

"போன வாரம் என் பேரச் சொன்னீங்கல்ல. ஆண்டவருக்கு நேரமில்லாதவளுக்கு நீச்சல் எதுக்குன்னு அப்பா கேக்குறாரு. இந்த மாசத்தோட நிறுத்திடுவாராம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஒருத்தியாவது போட்டு உடைத்தாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மீனுவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அது இருந்த இடம் தெரியவில்லை.

அக்கா சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மீனுவின் அப்பாவைப் பார்க்கப் போனாள். சண்டை வந்தால் விலக்கிவிட நானும் போனேன். அவர் லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"தப்பு என்னோடதுண்ணே. அத்தன பேர் முன்னாடி அவ பேரச் சொல்லியிருக்கக் கூடாது. நீச்சல நிறுத்திடாதீங்க."

"அப்போ குழுவுக்கு எப்ப வருவா?"

"அவளால வர முடியலன்னா அவ இருக்கற எடத்துக்கு நான் போறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, நீங்களே சொல்றீங்கன்னு விடறேன்" என்று மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் ட்யூஷன் முடிந்து நீச்சலுக்கு மீனு பஸ்ஸில் போவாள். அந்த வாரம் அக்கா ஆளில்லாத குழு அறையைப் பூட்டிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். பையைக் கட்டிக்கொண்டு தூங்கி வழிந்த மீனு, எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இங்கயுமா அக்கா?"

"பயப்படாத, பாடமாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். என் அக்கா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மீனுதான் பேசினாள்.

"ட்யூஷன்ல எதுவுமே புரியல அக்கா. எல்லாரும் தலையாட்டுறாங்க, நானும் ஆட்டுறேன். பரீட்சைய நெனச்சாலே பயமா இருக்கு. வீட்ல யாருக்கும் தெரியாது."

கட்டாயம் அறிவுரை வரும் என்று நினைத்தேன். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

மீனு சுற்றுமுற்றும் பார்த்தாள். முன்சீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "ம், பண்ணுங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் உதடுகள் அசைந்தன. அடுத்த சீட்டில் இருந்த எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நீச்சல் குளத்து நிறுத்தம் வந்தது. மீனு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படியில் இறங்கப் போனவள் திரும்பினாள்.

"அடுத்த வாரம் மத்தவளுங்களையும் இந்த பஸ்ல ஏறச் சொல்றேன். சீட் புடிச்சு வைங்க அக்கா!"