தட்டையான அடி உள்ள வாளி

பழைய தீயணைப்பு நிலையத்தை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே எனக்குத் தச்சு வேலை கிடைத்தது. ஊரை விட்டு வந்து தனியாகக் கிடப்பவனுக்கு, பகல் முழுக்க மனிதக் குரல் கேட்கிற இடத்தில் வேலை அமைவது பெரிய விஷயம். ஓய்வு பெற்ற வீரர்கள் தினமும் வந்துவிடுவார்கள். பித்தளைக் குழாய் முனைகளைத் தேய்த்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கேலி செய்து வாருவார்கள்.

அவர்களில் மூத்தவர் வண்டி ஓட்டியவர். எல்லோரும் அவரை அடுப்பு அண்ணன் என்றார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் சிரிப்பார்களே தவிர யாரும் சொல்ல மாட்டார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டப் போவது அவர்தான். மகள் பிள்ளைகளோடு வருகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சிவப்பு வாளிகளை மாட்டுவதற்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வாளிக்கு அடி உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் உருண்டுவிடும். வீட்டுக்கு எடுத்துப் போனாலும் உதவாது என்பதால் யாரும் திருட மாட்டார்கள். ஆனால் ஒரு வாளி மட்டும் வைத்த இடத்தில் சமர்த்தாக நின்றது.

"அண்ணே, இது மட்டும் ஏன் நிக்குது?"

அடுப்பு அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ரொம்பப் பழசுப்பா. நடுவுல மாட்டு."

எதிர்ச் சாரியில் லாண்டரி வைத்திருக்கும் அம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். காட்சிக்கு நிற்கும் ஆளுயரப் பொம்மைகளுக்கு மாட்ட வேண்டிய பழைய சீருடைகளைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். மூட்டையை மேசையில் வைத்துவிட்டு நேராக அந்த வாளியிடம் போய்க் கைப்பிடியைத் தடவினார்.

"இது என் வாளியாச்சே."

"சும்மா இருங்கம்மா," என்றார் நெட்டை என்று அழைக்கப்படும் இன்னொரு வீரர். "உங்க வாளி இங்க எப்படி வரும்? காலு மொளச்சு வந்துச்சா?"

"கைப்பிடியில கம்பி சுத்துனது எங்க வீட்டுக்காரரு. தடவிப் பாருங்க, பெயிண்டுக்குக் கீழ நெளிநெளியா இருக்கும். நீங்க அடுப்ப அணைக்காமப் போன அன்னிக்கு எடுத்துட்டு வந்தது."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அடுப்பு அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊரின் மறுகோடியில் பெரிய தீ என்று மணி அடிக்க, மொத்தப் பேரும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். சமையலறையில் அண்ணன் பற்றவைத்திருந்த அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. நிலையமே பற்றிக்கொண்டது. தெருக்காரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள். வண்டி திரும்பி வந்தபோது புகைதான் மிச்சம். அதைப் பார்த்த வீரர்களுக்கு வெட்கம் தாங்கவில்லை. விடிவதற்குள் கழுவித் துடைத்து, தெருக்காரர்கள் விட்டுப்போன வாளி உட்படக் கண்ணில் பட்டதற்கெல்லாம் சிவப்பு அடித்துவிட்டார்கள்.

"அன்னிக்கு நான் கொஞ்சம் அசையாம நின்னிருந்தா எனக்கும் அடிச்சிருப்பானுங்க," என்றார் நெட்டை.

யாரும் சிரிக்கவில்லை. அடுப்பு அண்ணன் அந்த அம்மாவிடம் போனார்.

"புது வாளி வாங்கித் தர்றேன்மா. இந்தப் பேச்ச மட்டும் விட்ருங்க. பேரப்புள்ளைங்க வருதுங்க. தாத்தா பெரிய வீரருன்னு பள்ளிக்கூடம் பூரா பீத்தி வச்சிருக்குதுங்க. எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்காதீங்க."

"வாளிக்கா வந்து நிக்கிறேன்? எந்த மில்ல அணைச்சீங்க, எந்தக் குடோன அணைச்சீங்கன்னு செவுரு பூரா எழுதி வச்சிருக்கீங்க. இந்தக் கட்டடத்த அணைச்சது யாருன்னு எங்கயாவது இருக்கா? நாங்க வரலைன்னா என்னத்தப் பாதுகாப்பீங்க? காலி மனையிலயா ரிப்பன் வெட்டுவீங்க?"

அண்ணன் சமையலறைக்குள் போனார். அங்கே மேலே ஒரு உத்தரத்தை அவர் சொன்னதால் போன வாரம்தான் பலகை அடித்து மூடியிருந்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் அப்போது சொன்னார். இப்போது அதன் கீழே வெகுநேரம் நின்றார்.

"தம்பி, ஆணி பிடுங்குறத எடுத்துட்டு வா."

பலகை கழன்றது. உத்தரம் ஒரு முழ நீளத்துக்குக் கரிந்து, முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது.

"பேரப்புள்ளைங்க சிரிக்குமேண்ணே," என்றார் நெட்டை, மெதுவாக.

"சிரிக்கட்டும். அடுத்தவன் சொல்லிச் சிரிக்கிறதுக்குப் பதிலா நானே சொல்லிச் சிரிக்க வைக்கிறேன்." பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். "அன்னிக்கு யார் யாரு வந்தீங்க?"

"முடிவெட்டுறவரு. அவரு தம்பி. பள்ளிக்கூட வாட்ச்மேன், இப்ப மகன் வீட்டுல இருக்காரு. அப்புறம் பேக்கரி மாடியில ஒரு புதுப்பொண்ணு. கல்யாணம் ஆகி வந்த கையோட, பட்டுச் சேலையோட வந்து நின்னுச்சு. உங்களத் திட்டிக்கிட்டேதான் தண்ணி ஊத்துச்சு."

"அவங்க இருக்காங்களா?"

"நல்லாவே இருக்கா. வாயும் அப்படியேதான் இருக்கு."

அண்ணன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்த எதிர்ச் சாரிப் பக்கம் அவர் நடந்ததே இல்லையாம். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் வாப்பா. சொல்றதெல்லாம் நீதான் எழுதணும். என் கையெழுத்து எனக்கே புரியாது."

உளியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். இந்தத் தெருவில் மாதக்கணக்காக நடக்கிறேன். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியதில்லை. பேக்கரிக்குப் பக்கவாட்டில் படி ஏறியது. லாண்டரி அம்மா முன்னால் போக, அவர் பின்னால் மூச்சு வாங்க ஏறினார் அண்ணன். அம்மா கதவைத் தட்டினார்.

திறந்தது தலை நரைத்த ஒரு பெண்மணி. தொப்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடுப்ப அணைச்சிட்டு வந்தீங்களா?"

"அணைச்சிட்டேன்மா," என்றார் அண்ணன். "அன்னிக்கு நடந்தத எழுதி வைக்கணும். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

அந்தப் பெண்மணி எங்களை உள்ளே விட்டார். பிறகு நாற்காலிகளின் மேல் கிடந்த துணியை ஒதுக்கத் தொடங்கினார். எனக்கும் ஒரு நாற்காலி.